பொற்கொல்லன் ஏன் களவெடுத்தான்?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணையில் ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவருக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோவலன் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்குள் நுழைகிறான். நூறு கொல்லர் பின்தொடர அரண்மனைப் பொற்கொல்லன் எதிரே வருகிறான். அவனிடமே கோவலன் சிலம்பைக் காட்டுகிறான். இந்த இடத்துக்கு வந்தால் எந்த வகுப்பும் அமைதியாகிவிடும். அன்று அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், பொற்கொல்லன் ஏன் அரசியின்ர சிலம்பைக் களவெடுத்தவன்?"

நான் வழக்கம்போல ஊழ்வினையைச் சொன்னேன். அவள் விடவில்லை. "ஊழ்வினை கோவலனுக்கு, சேர். பொற்கொல்லனுக்கு என்ன காரணம்? அவனுக்கு என்ன குறை?"

அந்த நேரம் மணி அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறிப் புறப்பட்டேன். வீட்டுக்கு வந்து காப்பியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பொற்கொல்லன் தான் ஒளித்து எடுத்த சிலம்பு வெளிப்படுமுன் இந்தப் புதியவன்மேல் பழியைப் போடலாம் என்று நினைக்கிறான். அவ்வளவுதான். ஏன் எடுத்தான் என்று இளங்கோ ஓரிடத்திலும் சொல்லவில்லை. வறுமையா, பேராசையா, பழக்கமா, பிறவிக் குணமா? கோவலன் ஏன் கொல்லப்பட்டான் என்பதற்கு முற்பிறப்பு வரை சென்று காரணம் காட்டும் காப்பியம், கள்வன் ஏன் கள்வனானான் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டிருக்கிறது.

மேல்நாட்டில் இதே கேள்வியை இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதற்கு அங்கே எழுந்த கோட்பாடுகள் பல. நான் தமிழாசிரியன், குற்றவியல் அறிஞன் அல்லன். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் படித்தபோது சில பெயர்களைக் கேட்டிருந்தேன். அந்த மாணவிக்காக மீண்டும் தேடிப் படித்ததில் எனக்குப் பட்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதில் எனக்குச் சொந்தமான ஒரு கணக்கும் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

1764ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் செசாரே பெக்காரியா என்னும் இளைஞர் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஆட்சியாளருக்கு அஞ்சித் தம் பெயரைப் போடாமலே முதலில் அதை வெளியிட்டார். சித்திரவதை செய்து உண்மை கேட்பதும் சிறு குற்றத்துக்குத் தூக்கிலிடுவதும் ஐரோப்பாவெங்கும் நடந்த காலம் அது. மனிதன் இன்பத்தையும் துன்பத்தையும் எடைபோட்டுப் பார்த்தே எதையும் செய்கிறான் என்பது பெக்காரியாவின் அடிப்படை. தண்டனை கொடியதாக இருக்கவேண்டியதில்லை. தவறாமல் கிடைக்கும், விரைவாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் போதும் என்றார். அவர் குற்றத்தைப் பார்த்தாரே தவிரக் குற்றவாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. கோவலனைக் கண்டவுடன் பொற்கொல்லன் போட்ட கணக்குக்கு இந்தக் கோட்பாடு நன்றாகப் பொருந்தும். ஆனால் முதலில் அவன் சிலம்பில் கைவைத்தது ஏன் என்பதற்கு இதில் விடை இல்லை.

முகத்தைப் பார்த்தவர் இன்னோர் இத்தாலியர், செசாரே லொம்ப்ரோசோ. இராணுவ வைத்தியராக இருந்து, பின்னர் தூரின் நகரில் பேராசிரியரானவர். தென் இத்தாலியின் கலபிரியாப் பகுதியைச் சேர்ந்த வில்லெல்லா என்ற கைதி இறந்தபின் அவனுடைய மண்டையோட்டை இவர் ஆராய்ந்தார். அதன் பின்புற அடியில், வழக்கமாக மனிதரிடம் காணப்படாத சிறு குழி ஒன்று இருந்ததாம். கீழ்நிலை விலங்குகளில் காணப்படும் குழி அது என்று அவர் கருதினார். குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கி, ஆதி மனிதனின் குணத்தோடு பிறந்துவிட்டவன் என்ற கொள்கையை அந்தக் குழியிலிருந்து கட்டியெழுப்பினார். 1876இல் 'குற்றவாளி மனிதன்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. பெரிய தாடை, நீண்ட கை, புடைத்த காது, பச்சை குத்திய உடம்பு என்று அடையாளங்களைப் பட்டியலிட்டார். பதிப்புக்குப் பதிப்பு நூல் பருத்துக்கொண்டே போய்ப் பல பாகங்களாயிற்று.

வில்லெல்லாவை லொம்ப்ரோசோ பெரும் கொள்ளையன் போல எழுதினார். அவன் சில்லறைத் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்ட ஏழை என்று பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்கள் பின்னர் சொன்னார்கள். அவனுடைய ஊரார் மண்டையோட்டைத் திருப்பித் தாருங்கள், நாங்கள் அடக்கம் செய்யவேண்டும் என்று அண்மைக் காலத்தில் வழக்குக்கூடப் போட்டார்கள். அது தூரின் அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டது. லொம்ப்ரோசோ தம் உடலையும் ஆராய்ச்சிக்கென எழுதிவைத்தவர். 1909இல் அவர் காலமானபின் அவருடைய எலும்புக்கூடும் அதே காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆராய்ந்தவரும் ஆராயப்பட்டவனும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். இளங்கோ கையில் இது கிடைத்திருந்தால் ஒரு காதையே எழுதியிருப்பார்.

நேயர்களே, முகத்தைப் பார்த்துக் கள்வனைக் கண்டுபிடிக்கும் வித்தை தூரினில் பிறந்ததன்று. கொலைக்களக் காதையை மறுபடி பாருங்கள். பொற்கொல்லனோடு வந்த காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். சாமுத்திரிகா இலட்சணப்படி இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தில் கதை நின்றிருக்கலாம். ஆனால் பொற்கொல்லன் சிரித்துவிட்டு ஒரு விரிவுரை நிகழ்த்துகிறான். கள்வருக்கென்று ஒரு நூல் உண்டு, மந்திரமும் மருந்தும் தந்திரமும் கருவியுமாக எட்டு வகைத் துணை அவர்களுக்கு உண்டு, அவர்கள் தேவரைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் மறைவார்கள் என்று அடுக்குகிறான். தூதுவன் வேடத்தில் வந்து இளவரசனின் மார்பு ஆரத்தைக் கவர்ந்த ஒருவனுடைய கதையையும் எடுத்துவிடுகிறான். ஒரு காவலனுக்குத் தன் பழைய அனுபவம் ஞாபகத்துக்கு வருகிறது. மழை இருட்டில் கன்னக்கோலோடு வந்த கள்வன் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்ததை அவன் சொல்கிறான். இப்படிப் பேச்சு வளர்ந்துகொண்டிருக்கும்போது கல்வியறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இத்தனை ஆண்டு படிப்பித்தும் இப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கள்வர் எப்படிப்பட்டவர் என்பது பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவுரைகளில் ஒன்று இது. அதை நிகழ்த்தியவன் உண்மையான கள்வன். முகம் நல்லதாயிருந்தால், கள்வர் நல்ல முகத்தோடுதான் வருவார்கள் என்கிறான்.  எதைக் காட்டினாலும் குற்றத்துக்கே சான்றாகிவிடும் ஒரு கோட்பாட்டுக்குள் அகப்பட்டால் குற்றமற்றவனுக்குத் தப்ப வழியில்லை.

லொம்ப்ரோசோவின் கொள்கை விஞ்ஞானத்தில் நெடுநாள் நிற்கவில்லை. இங்கிலாந்தின் சிறைச்சாலை வைத்தியரான சார்ள்ஸ் கோரிங் மூவாயிரம் அளவிலான கைதிகளை அளந்து, அவர்களைப் பல்கலைக்கழக மாணவரோடும் படைவீரரோடும் ஒப்பிட்டு, 1913இல் முடிவை வெளியிட்டார். தனியான 'குற்றவாளி உடலமைப்பு' என்று ஒன்று இல்லை என்றார். கைதிகள் சற்றுக் குள்ளமாகவும் எடை குறைவாகவும் இருந்தார்கள் என்றும் அவர் எழுதினார். சிறுவயதில் வயிறாறச் சாப்பிடாதவனும் அப்படித்தானே இருப்பான் என்று எனக்குத் தோன்றியது. இன்று மூளையைப் படம்பிடித்தும் பரம்பரை அலகுகளைச் சோதித்தும் சிலர் அதே கேள்வியைத் தொடர்கிறார்கள். ஆனால் பிறப்பு மட்டும் ஒருவனைக் குற்றவாளியாக்குகிறது என்று பொறுப்புள்ள ஆய்வாளர் எவரும் இன்று சொல்வதில்லை; பிறப்பும் சூழலும் பின்னிப் பிணைந்தவை என்றே சொல்கிறார்கள்.

விஞ்ஞானத்தில் நிற்காத கொள்கை சட்டத்தில் நின்றது. லொம்ப்ரோசோவின் நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1871இல், பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான், இந்தியாவில் எல்லாமே சாதித்தொழில்தானே என்பது அந்த ஆட்சியாளரின் எண்ணம். முதலில் வடஇந்தியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளர் முதலிய பல சமூகத்தார் பிறந்த குடியின் பெயராலேயே இந்தச் சட்டத்தின்கீழ் பதியப்பட்டார்கள். கைரேகை எடுத்ததால் மக்கள் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பதியப்பட்ட ஆண்கள் இரவில் பொலிஸ் நிலையத்திலோ குறித்த இடத்திலோ போய்ப் படுக்கவேண்டியிருந்தது. வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வயலில் பாடுபட்டுக் களவு என்பதையே அறியாத மனிதனுக்கும் இதே விதிதான்.

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் என்ற கிராமத்து மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி பொலிஸார் அங்கே துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஒரு பெண்ணும் அடங்கலாகப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது; இந்தியா முழுவதிலும் 1952 வரை எடுத்தது.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையை நாம் வழக்கமாகக் கயவாகுவின் பெயருக்காகவே எடுத்துக் காட்டுவோம். இலங்கை வேந்தன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த செய்தி அங்கே இருப்பதால் நமக்கு அதில் ஒரு பெருமை. அதே கட்டுரையின் தொடக்கத்தில் வேறொரு செய்தியும் உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம். ஒரு பொற்கொல்லன் செய்த களவுக்கு ஆயிரம் பொற்கொல்லர்! பலமுறை வகுப்பில் இந்த வரியைக் கடந்து போயிருக்கிறேன். அந்த ஆயிரம் பேரில் ஒருவனாவது வீட்டில் தட்டார் வேலை செய்துகொண்டிருந்து, எதற்காக இழுத்துச் செல்கிறார்கள் என்று தெரியாமல் போயிருப்பானே என்று நான் ஒருநாளும் நிறுத்திச் சொன்னதில்லை.

ஆளைவிட்டு இடத்தைப் பார்த்தவர்களும் உண்டு. சிக்காகோ நகரில் கிளிபர்ட் ஷோ, ஹென்றி மக்கே என்ற இருவர், நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் வீடுகளை நகர வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தார்கள். தொழிற்சாலைகளும் இடிந்த வீடுகளும் நிறைந்த, நகர மையத்தை அடுத்த பகுதியில் புள்ளிகள் குவிந்தன. அந்தப் பகுதிக்கு வெவ்வேறு நாட்டவர் ஒருவர்பின் ஒருவராகக் குடியேறினார்கள். வசதி வந்ததும் வெளியேறினார்கள். குடியிருந்தவர் மாறியும் புள்ளிகள் அதே இடத்திலேயே குவிந்துகொண்டிருந்தன. வெளியேறிய மக்களோடு குற்றம் கூடவே போகவில்லை. 1942இல் வந்த அவர்களுடைய நூல் இதை விளக்குகிறது.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. திணை இலக்கணத்தில் நிலத்துக்கு நிலம் மக்களும் தொழிலும் வேறுபடும். வழிப்பறி செய்யும் ஆறலைக் கள்வர் பாலைக்கு உரியவர். ஆனால் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. மழை பொய்த்து, வெயில் காய்ந்து, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று காடுகாண் காதை சொல்கிறது. அப்படியானால் நேற்று ஆடுமாடு மேய்த்தவனும் தினை விதைத்தவனும்தானே இன்று வழியில் வில்லோடு நிற்கிறான்? இளங்கோ இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் அப்படி வாசிக்கிறேன்.

ஆசை எங்கும் ஒன்றாயிருந்து வழி மட்டும் சிலருக்கு மூடியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் ரொபேர்ட் மேர்ட்டன். பிலடெல்பியாவில் குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் எழுதிய கட்டுரையில், பணம் சேர்ப்பதே வாழ்க்கையின் வெற்றி என்று எல்லாருக்கும் போதிக்கும் சமூகம் அதற்கான நேர்வழியை எல்லாருக்கும் திறந்துவைக்கவில்லை என்றார். அந்த நெருக்கடியில் மனிதர் ஐந்து விதமாக நடக்கிறார்களாம். சிலர் உள்ளதோடு இணங்கிப் போவார்கள். சிலர் இலக்கை வைத்துக்கொண்டு குறுக்கு வழியைப் பிடிப்பார்கள். குற்றம் இங்கே வருகிறது. சிலர் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவார்கள். சிலர் புரட்சி செய்வார்கள். இன்னும் சிலர் இலக்கை மறந்து விதிமுறையை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். இந்த வகையினர் ஆசிரியர் ஓய்வறையில் நிறைய உண்டு. நானும் சில தவணைகள் அப்படி இருந்திருக்கிறேன்.

மேர்ட்டனின் கோட்பாட்டை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி மறுபடி கேட்டாள். "பொற்கொல்லனுக்கு வழி மூடியிருக்கேல்லையே, சேர்?" உண்மைதான். பாண்டியன் பெயரோடு சேர்ந்த பட்டம் பெற்றவன் அவன். அவனுக்குப் பின்னால் நூறு பேர் நடந்து வருகிறார்கள். இத்தகையவனுக்கு விளக்கம் தேடியவர் எட்வின் சதர்லண்ட். குற்றம் என்றாலே ஏழைகளின் காரியம் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று 1939இல் அமெரிக்க சமூகவியலாளர் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றும்போது கேட்டார். மதிப்பும் பதவியும் உடையவர் தம் தொழிலுக்குள்ளேயே செய்யும் குற்றத்துக்கு 'வெள்ளைக் கழுத்துப்பட்டைக் குற்றம்' என்று பெயரிட்டார். குற்றமும் மற்றத் தொழில்களைப் போலப் பழகுபவரிடம் கற்றுக்கொள்ளப்படுவதே என்பது அவர் கொள்கை. எழுபது பெரிய நிறுவனங்கள்மீது வந்த தீர்ப்புகளைத் திரட்டி 1949இல் நூலாக்கினார். வழக்குக்கு அஞ்சி வெளியீட்டாளர் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னார்கள். பெயர்களோடு கூடிய முழுப் பதிப்பு வெளிவந்தது 1983இல். சதர்லண்ட் இறந்து முப்பதாண்டுக்கு மேலாகிவிட்டது. சிறு களவு செய்த வில்லெல்லாவின் பெயர் உலகெங்கும் அச்சேறியது; நிறுவனங்களின் பெயர் அச்சேற முப்பத்துநாலு ஆண்டு சென்றது.

இனி நான் முதலில் சொன்ன என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன்.

பிராங் டானன்போம் என்று ஓர் அமெரிக்கர். இளமையில் வேலையற்ற தொழிலாளரைத் திரட்டித் தேவாலயத்துக்குள் தங்குமிடம் கேட்டுப் போனதற்காக நியூயோர்க்கில் ஒரு வருடம் சிறையிருந்தவர், பிற்காலத்தில் பேராசிரியர். ஒரு சிறுவனை ஊரார் சுட்டிக்காட்டி, பெயர் சூட்டி, வேறாக்கி வைக்கும்போதே அவன் அந்தப் பெயருக்குரியவனாக மாறத் தொடங்குகிறான் என்று 1938இல் எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து 1963இல் ஹவார்ட் பெக்கர் இதையே விரித்து, ஒரு செயலை மற்றவர்கள் எப்படிப் பெயரிட்டு நடத்துகிறார்கள் என்பதில்தான் 'குற்றவாளி' உருவாகிறான் என்றார். முத்திரை குத்தும் கோட்பாடு என்று நாம் இதைச் சொல்லலாம். மணிமேகலையின் ஆபுத்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். வேள்வியில் வெட்டப்பட இருந்த பசுவைக் காப்பாற்றினான். பசுக் கள்வன் என்று பெயராயிற்று. ஊரார் அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் வேறு ஊருக்குப் போகவேண்டியதாயிற்று. கையில் அமுதசுரபி கிடைத்ததால் அவன் கதை வேறாகியது. எல்லாருக்கும் அமுதசுரபி கிடைப்பதில்லை.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டு. இப்போது இருப்பது அல்லாத வேறொரு பாடசாலை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். சுற்றுலாவுக்கெனப் பிள்ளைகளிடம் சேர்த்த 1,350 ரூபா ஒரு கடித உறைக்குள் இருந்தது. இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் காணவில்லை. இடைவேளையில் வகுப்பில் தனியே இருந்தவன் ஒரு மாணவன். சுற்றுலாக் காசு கட்டாதவன். தகப்பன் வீட்டில் இல்லை; தாய் கூலிவேலை செய்தாள். நான் அவனை எழுப்பினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான், முகம் வியர்த்திருந்தது. களவெடுத்தவனின் முகம் என்று எனக்குப் பட்டது. லொம்ப்ரோசோவை அப்போது நான் படித்திருந்தேன். பரீட்சைக்கு அவரைக் கண்டித்து விடையும் எழுதியிருந்தேன்.

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவனுடைய பையை மேசையில் கொட்டினேன். இரண்டு கொப்பிகள், பேனை ஒன்று, கடதாசியில் சுற்றிய பாண் துண்டு. காசு இல்லை. எங்கேயோ ஒளித்துவிட்டான் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே அவனுடைய பதிவேட்டில் 'களவுப் பழக்கம் உண்டு' என்று எழுதித் திகதி இட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வரவு இடாப்பை எடுத்தேன். அதன் மட்டைக்குப் போட்டிருந்த கடதாசி உறைக்குள் ஏதோ தடித்தது. கடித உறை. மணி அடித்த அவசரத்தில் நானே செருகியிருக்கிறேன். காசு ஒரு ரூபாவும் குறையவில்லை. வகுப்புக்குப் போய், "காசு கிடைத்துவிட்டது. இனி இதைப்பற்றி ஒருவரும் கதைக்கக்கூடாது" என்றேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. வெட்கம். இளம் ஆசிரியன், பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற எண்ணம். இடைவேளையில் இரண்டு பையன்கள் கதைத்துக்கொண்டு போனது காதில் விழுந்தது: "பயத்தில திருப்பி வைச்சிட்டான்." கேட்டும் கேளாதவன் போல் கடந்து போனேன்.

அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு ஒழுங்காக வரவில்லை. பிறகு வரவே இல்லை. இரண்டு ஆண்டுகளின் பின் சைக்கிள் களவு ஒன்றில் வேறு சிலரோடு பிடிபட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்டான் என்று அறிந்தேன். நன்னடத்தை அலுவலர் பாடசாலைக்கு வந்தார். அதிபர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். அலுவலர் என் கையெழுத்தில் இருந்த வரியைத் தம் கொப்பியில் எழுதத் தொடங்கினார். "அது பிழையாக எழுதப்பட்டது, வெட்டிவிடுங்கள்" என்று சொன்னேன். பதிவேட்டிலும் கோடு கீறிக் கையொப்பம் இட்டேன். ஏன் பிழை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேலே சொன்ன கோட்பாடுகள் எல்லாவற்றையும் அவன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். வறுமை இருந்தது. மூடிய வழி இருந்தது. அவன் வாழ்ந்த குறிச்சியும் சிக்காகோவின் அந்தப் பகுதியைப் போன்றதே. சைக்கிள் களவைச் சொல்லிக்கொடுத்த கூட்டாளிகளும் இருந்தார்கள். 1969இல் ட்ரவிஸ் ஹேர்ஷி என்பவர் கேள்வியையே மாற்றிக் கேட்டார். மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேளாமல் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார். வீடு, பாடசாலை, ஆசிரியர், வருங்காலம் பற்றிய நம்பிக்கை என்னும் கட்டுகள் பிடித்து வைத்திருப்பதாலேயே என்பது அவர் விடை. இவனைப் பிடித்து வைத்திருந்த கட்டுகளில் ஒன்றை அறுத்தவன் நான். சைக்கிள் களவுக்கு அது எத்தனை பங்கு காரணம் என்று எந்தப் பேராசிரியராலும் எனக்கு அளந்து சொல்ல முடியாது. அவன் அப்படியும் எடுத்திருக்கலாம். எடுக்காமலும் இருந்திருக்கலாம்.

எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி எட்டு வயதுப் பிள்ளையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 2018இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். வகுப்பறையில் அப்படி வயதெல்லை கிடையாது. முதலாம் வகுப்பிலேயே 'அவன் கள்ளன்' என்று சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நான் போன மோட்டார் சைக்கிளின் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. தள்ளிக்கொண்டு போய் வீதியோரம் ஒட்டுப்போடும் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் நிமிர்ந்து, "சேர்" என்றார். அவன்தான். நெற்றி ஏறி, தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. கடை சொந்தம் என்றான். இரண்டு பிள்ளைகள் என்றான். ரியூப்பைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டை பார்த்து ஒட்டினான். காசு கொடுத்தேன்; எண்ணி மிச்சம் தந்தான். பிறகு கையைத் துடைத்தபடி கேட்டான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

"சேர், ஒண்டு கேக்கலாமே? அண்டைக்கு அந்தக் காசை ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. இடாப்பு மட்டைக்குள்ள இருந்தது. நான்தான் வைச்சு மறந்துபோனனான்."

"எப்ப கண்டனீங்கள்?"

"மூண்டாம் நாள்."

சில்லைப் பூட்டி முடிக்கும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. சாவியை நிலத்தில் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் இருந்தவனின் பெயரைச் சொல்லி, அவனை நினைவிருக்கிறதா என்று கேட்டான். நினைவிருந்தது. இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒன்றாகவே வருவார்கள், போவார்கள்.

"அவன்தான் எடுத்துப்போட்டு என்னை மாட்டி வைச்சவன் எண்டு நினைச்சனான், சேர். இந்தக் கடைக்கு முன்னாலதான் ஒவ்வொரு நாளும் போறவன். இருபது வருசமா நான் அவனோட கதைக்கிறேல்லை."